சங்கரன்கோவில் கண்ட வாக்குரிமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறி வாழ்வோர் அந்நாட்டின் குடியுரிமையைப் பெற விரும்பினால், அதிகாரி ஒருவர் முன் அமர்ந்து வரலாறு, அரசியல் குறித்த வினாக்களுக்கு வாய்மொழியாக விடை கூறவேண்டும். 2008-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றுப் பல்லாண்டுகள் வழக்கிலிருந்த அத்தேர்வின் பட்டியலில் நூறு வினாக்கள் இருந்தன. நாட்டின் இரு பெரும் அரசியல் கட்சிகள் எவை என்பது அவற்றுள் ஒன்று. வாக்களிக்கத் தக்கவர் யார் என்பது பற்றி அரசியல் சட்டத்தில் நான்கு திருத்தங்கள் உள்ளன, அவற்றுள் ஒன்றை விளக்குக என்பது மற்றொன்று.

சங்கரன்கோவிலில் உறவினர் இல்லமொன்றில் இப்பட்டியலை நாம் காண நேர்ந்தது. அக்கரையில் வாழும் மருமகள் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். நான்கு திருத்தங்களையும் அவள் தட்டுத் தடங்கலின்றிச் சொன்னாள்: நிறத்தின் பெயரால் வாக்கை மறுக்கலாகாது என்ற 1870-ஆம் ஆண்டுத் திருத்தம்; பெண்களுக்கு வாக்களித்த 1920-ஆம் ஆண்டுத் திருத்தம்; வரி கட்டாதவர் வாக்கைப் பறிக்கலாகாது என்ற 1964-ஆம் ஆண்டுத் திருத்தம்; பதினெட்டு வயதினருக்கு வாக்கு என்ற 1971-ஆம் ஆண்டுத் திருத்தம். கேட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பெரியவர், "அந்த ஊர்க் கதை இருக்கட்டும். நம்ம ஊருக்கு ஒரு காலத்தில் முஸ்லிம் ஒருத்தர் எம்.எல்.ஏ.யாக இருந்தாரே, அது தெரியுமா?" என்றார். மருமகள் நம்பவில்லை. "இந்தத் தொகுதியிலா மாமா? இது தனித்தொகுதி ஆச்சே!" என்றாள்.

இருவர் கூற்றும் உண்மையே. 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சங்கரன்கோவில் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் காங்கிரஸ் கட்சியின் ஜனாப் எஸ்.எம். அப்துல் மஜீத் சாஹிப். பெருந்தலைவர் காமராசர் அவ்வாண்டு அமைத்த அமைச்சரவையில் அவர் உள்ளாட்சித் துறை அமைச்சராகவும் விளங்கினார். அடுத்து வந்த 1967-ஆம் ஆண்டுத் தேர்தலிலோ இத்தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாயிற்று. 2021-ஆம் ஆண்டுத் தேர்தல் வரை அவ்வாறே தொடர்ந்து வந்தது. சைவமும் வைணவமும் ஓருருவில் இணைந்த சங்கரநாராயணர் கோயிலால் பெயர்பெற்ற ஊர். முஸ்லிம்கள் சிறு தொகையினராக வாழும் தொகுதி. அங்கே ஒரு முஸ்லிம் வென்றார் என்பதையும், அதன்பின் எந்த முஸ்லிமும் நிற்கவே இயலாது போயிற்று என்பதையும் ஒருசேர விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், நம் வாக்குரிமை நடந்துவந்த பாதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்று 'தனித்தொகுதி' என்றால், தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வேட்பாளராக நிற்கக்கூடியதும் எல்லா மக்களும் வாக்களிப்பதுமான தொகுதி என்று பொருள். வெள்ளையர் காலத்தில் முஸ்லிம்களுக்கு இருந்ததோ முற்றிலும் வேறானது. அங்கே வேட்பாளரும் முஸ்லிம், வாக்காளரும் முஸ்லிம். வாக்காளர் பட்டியலே தனி. முன்னையதில் நிற்பவர் மட்டும் தனி, பின்னையதில் நிற்பவரும் தேர்ந்தெடுப்பவரும் தனி. நம் மேடைகளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆகாகான் தலைமையில் சிம்லாவில் வைசிராயைக் கண்ட தூதுக்குழு தனிப் பட்டியல் வேண்டுமெனக் கேட்டது. அவ்வாண்டு இறுதியில் டாக்காவில் முஸ்லிம் லீக் பிறந்தது. மின்டோ - மார்லி சீர்திருத்தம் எனப்படும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோரிக்கைக்கு இணங்கிற்று. 1916-ஆம் ஆண்டு லக்னோவில் காங்கிரசும் லீக்கும் செய்துகொண்ட உடன்பாட்டில் காங்கிரசே தனிப் பட்டியலை ஏற்றது. சென்னை மாகாணத்தில் தேர்ந்தெடுக்கப்படும் இந்திய உறுப்பினர் இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து முஸ்லிம்களுக்கு என்றும் வகுத்தது. மக்கள்தொகையில் நம் பங்கு அதில் பாதி அளவுகூட இல்லாதிருந்த மாகாணம் அது. இன்று எண்ணிப் பார்க்கையில் தாராளமான ஏற்பாடாகத் தோன்றும். ஆயினும் அந்த வாக்கு யார் கையில் இருந்தது?

1920-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில், ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோர் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். கிராமப்புறத்தில் ஆண்டுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாத தீர்வையுள்ள பட்டா நிலம் வைத்திருந்தவர் வாக்காளர். அந்நாளில் சங்கரன்கோவில் வட்டாரத்து நெசவாளிக்கும், கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவனுக்கும் அவன் எச்சமயத்தவனாயினும் வாக்கில்லை. முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய இடங்களில் நிலக்கிழார்களும், பெருவணிகரும், வழக்கறிஞரும் அமர்ந்தனர். அவர்களைத் தேர்ந்தவர்களும் பெரும்பாலும் அவர்தம் வகுப்பினரே. சமுதாயத்தின் பிரதிநிதி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அச்சமுதாயத்தில் எத்தனை பேர் வாக்களித்தனர் என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

ஒரு செய்தியில் மட்டும் நம் மாகாணம் தலைநிமிர்ந்து நின்றது. அமெரிக்கா பெண்களுக்கு வாக்களித்த மறு ஆண்டே, 1921-இல், நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னைச் சட்டசபை பெண் என்பதால் வாக்கில்லை என்ற விதியை நீக்கிற்று. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதனைச் செய்ததில் சென்னையே முதன்மை பெற்றது. சொத்துத் தகுதி நீங்காமையால் அப்பயன் சிலருக்கே கிட்டிற்று என்பது வேறு. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து வரம்பைத் தளர்த்திற்று. அப்போதும் பிரிட்டிஷ் இந்திய மக்களில் ஏழில் ஒருவருக்கே வாக்குக் கிட்டிற்று. 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் 28 இடங்கள் முஸ்லிம்களுக்கு. பெண்களுக்கென வகுத்த எட்டு இடங்களில் ஒன்று முஸ்லிம் பெண்ணுக்கு.

அதே சட்டமன்றத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 30 இடங்கள். இது வந்த வரலாற்றை முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருத்தல் மிகவும் அவசியம். ஏனெனில் நம் கதையும் அவர்கள் கதையும் ஒரே மரத்தின் இரு கிளைகள். முஸ்லிம்களுக்கு இருந்ததைப் போன்ற தனிப் பட்டியல் தம் மக்களுக்கும் வேண்டுமென டாக்டர் அம்பேத்கர் வாதாடினார். 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அதற்கு இணங்கினார். காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-ஆம் நாள் பூனாவில் உடன்பாடு ஏற்பட்டது. தனிப் பட்டியல் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக இடங்கள் கூட்டித் தரப்பட்டன. ஆனால் அவ்வுடன்பாட்டில் பலரும் மறந்துவிட்ட ஒரு விதி உண்டு. முதற்கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடித் தம்முள் நால்வரைத் தேர்வர். பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லா வாக்காளரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். தம் மக்களின் நம்பிக்கையைப் பெறாதவர் பிறர் தயவால் மட்டும் வந்துவிடலாகாது என்பது அதன் நோக்கம். 1937, 1946 தேர்தல்களுக்குப் பின் அம்முறை மறைந்தது.

முதற்கட்டத் தேர்தல் என்றதும் அமெரிக்க மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கே கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்வதே அம்முறையால்தான். இங்கே ஒடுக்கப்பட்டவன் குரல் ஒலிக்க வகுத்த அதே முறை, அங்கே அவன் வாயை அடைக்கப் பயன்பட்டது. தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றே கட்சி. அதன் முதற்கட்டத் தேர்தலில் வென்றவர் பதவியில் அமர்ந்தவரே ஆவார். அந்த முதற்கட்டத்தில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என வைத்தார்கள். கட்சி என்பது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம் என்று நியாயம் கூறினர். ஹூஸ்டன் நகரப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் என்ற கறுப்பர் தொடுத்த வழக்கில், 1944-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. ஆயினும் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, மிரட்டல் என்று வேறு வேலிகள் நின்றன. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பருள் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தவர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தின் நிலமற்ற கூலியாள் 1952-ஆம் ஆண்டிலேயே வரிசையில் நின்று வாக்களித்தவன் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற பன்னிரண்டாம் நாள், 1947 ஆகஸ்டு 27 அன்று, அரசியல் நிர்ணய சபையில் மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாஹிப் எழுந்து, முஸ்லிம்களுக்குத் தனிப் பட்டியல் தொடரவேண்டுமென்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். பிரிவினையின் குருதி காயாத நாட்கள் அவை. வடக்கே இரயில் வண்டிகள் பிணங்களைச் சுமந்து வந்துகொண்டிருந்தன. அவ்வேளையில் அதனைக் கேட்டது துணிவா, காலமறியாமையா என்று இன்றும் இரு வகையாகப் பேசுவர். நம் கருத்து, அது துணிவே என்பது. ஆனால் வெல்ல வழியில்லாத துணிவு. மறுநாள் சர்தார் பட்டேல் கடுமொழியால் மறுத்தார், சபை தள்ளிற்று. அதே விவாதத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எஸ். நாகப்பா என்ற தாழ்த்தப்பட்ட உறுப்பினர், ஒதுக்கப்பட்ட தொகுதியில் வெல்பவர் தம் மக்களின் வாக்குகளில் நூற்றுக்கு முப்பத்தைந்தேனும் பெற்றிருக்க வேண்டுமென்று ஒரு திருத்தம் கொண்டுவந்து பேசினார். பின்னர் அதனைத் திரும்பப் பெற்றார். போக்கர் சாஹிபின் அச்சமும் நாகப்பாவின் அச்சமும் ஒன்றேதான்: நம் பெயரால் அமர்பவர் நம்மவராக இருப்பாரா?

அப்போதைக்கு முஸ்லிம்களுக்குப் பொதுப் பட்டியலில் இட ஒதுக்கீடு என்ற அளவிலாவது முடிவாகியிருந்தது. 1949-ஆம் ஆண்டு மே மாதம் அதுவும் போயிற்று. சமய அடிப்படையிலான ஒதுக்கீடு வேண்டாம், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் இருக்கட்டும் என்று ஆலோசனைக் குழு அறிக்கை தந்தது. திருநெல்வேலிப் பேட்டையில் 1896-ஆம் ஆண்டு பிறந்த நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் எதிர்த்துப் பேசினார். ஐக்கிய மாகாணத்து லாரி சாஹிப், சிறுபான்மையோர் தம் வாக்குகளை ஒருவருக்கே குவித்தளிக்கும் வேறொரு முறையை முன்வைத்தார். பேகம் அய்ஜாஸ் ரசூலோ ஒதுக்கீடு சிறுபான்மையினருக்கே தீங்கு செய்யும் என்று வாதிட்டார். முஸ்லிம்கள் அனைவரும் ஒரே குரலில் பேசினர் என்று எழுதுவோரும் பேசுவோரும் அந்நாட்களின் நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டிப் பார்ப்பாராக.

தனிப் பட்டியலுக்காக வாதாடி இழந்த காயிதே மில்லத், அதன்பின் என்ன செய்தார்? முடங்கி இருந்துவிடவில்லை. 1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை அமைத்திருந்தார். பொதுப் பட்டியலில் நின்று மஞ்சேரி தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 என மும்முறை மக்களவைக்கு வென்றார். போக்கர் சாஹிபும் அவ்வாறே மலபாரிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தார். முஸ்லிம்கள் செறிந்து வாழும் மண் அது. அவ்வாறு செறிவில்லாத ஊர்களில் என்ன வழி என்பதே நம் கேள்வி, அதற்குத்தான் சங்கரன்கோவில்.

1952, 1957 தேர்தல்களில் நாட்டின் பல இடங்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. சங்கரன்கோவிலும் அவற்றுள் ஒன்று. ஒரே தொகுதி, இரு உறுப்பினர்கள். அவருள் ஒருவர் தாழ்த்தப்பட்டவராக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே இடலாகாது. 1957-இல் ஏ.ஆர். சுப்பையா முதலியாரும் பி. ஊர்க்காவலனும் காங்கிரஸ் சார்பில் இங்கே வென்றனர். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி. எழுத்தறியாதவரும் சின்னம் பார்த்து வாக்குச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம்.

இம்முறையிலும் ஒரு முடிச்சு இருந்தது. ஆந்திரத்துப் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் 1957-இல் நின்ற வி.வி. கிரி, இரு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பெற்றுவிட்டதால் தோற்றார். பொது இடத்தைப் பழங்குடியினர் பெறலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றார். பெறலாம் என்று 1959-இல் தீர்ப்பாயிற்று. அது நியாயமான தீர்ப்பு. பொது இடம் என்றால் எல்லார்க்கும் பொது. பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஒருவரையே வீழ்த்திய அம்முறையை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. இரட்டைத் தொகுதிகள் பிளக்கப்பட்டன. அப்பிளவில் சங்கரன்கோவில் பொதுத் தொகுதியாயிற்று. அந்த ஒரு தேர்தல் இடைவெளியில்தான் அப்துல் மஜீத் சாஹிப் வந்தார்.

அவர் முஸ்லிம் லீக்கின் வேட்பாளர் அல்லர். முஸ்லிம் வாக்குகளால் மட்டும் வென்றவரும் அல்லர். அன்றைய காங்கிரஸ் ஓர் ஊரில் யாரை நிறுத்தினாலும் வெல்லும் வலிமையோடிருந்தது. அதனால் சிறு தொகையினரையும் நிறுத்தும் துணிவு அதற்கு இருந்தது. கட்சி வலுத்திருக்கும்போது மனம் விரிகிறது. போட்டி கடுமையாகும்போது, அத்தொகுதியில் எச்சாதி எத்தனை பேர் என்ற கணக்கு முன்னே வருகிறது. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராயத்திற்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முஸ்லிமான கீத் எலிசன் வென்றதும் மினியாபோலிஸ் நகரை உள்ளடக்கிய, முஸ்லிம்கள் மிகச் சிலரே வாழ்ந்த ஒரு தொகுதியில்தான். அதுவும் ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை. தாமஸ் ஜெபர்சன் வைத்திருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பின் மீது கைவைத்து அவர் உறுதிமொழி ஏற்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம் கரிசல் மண்ணில் நடந்ததை நம் பிள்ளைகளே அறியாதிருக்கின்றனர்.

இனி, 1967-க்குப் பிற்பட்ட நிலை. தி.மு.க.வின் பி. துரைராஜ் அவ்வாண்டு வென்றார். பின்னர் இரு கழகங்களும் மாறி மாறிப் பெற்றன. தாழ்த்தப்பட்ட மக்கள் கணிசமாக வாழும் இத்தொகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதை நாம் குறைகூறோம். நூற்றாண்டுகளாகத் தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்தோர் சட்டமன்றத்தில் அமர்வதைக் கண்டு முகம் சுளிப்பவர், தனிப் பட்டியல் கேட்ட தம் முன்னோரை மறந்தவராவர். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன என்று 2006-ஆம் ஆண்டு சச்சார் குழு சுட்டிக்காட்டியது உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம் ஆகியவற்றைப் பற்றியது. அம்முறையீட்டைச் சங்கரன்கோவிலுக்குப் பொருத்துவது பிழை. முஸ்லிமுக்கு இங்கே வாக்குண்டு. மாநிலத்தின் வேறெந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கவும் உரிமையுண்டு. அருகிலுள்ள கடையநல்லூரில் 2016-ஆம் ஆண்டு முஸ்லிம் லீக்கின் கே.ஏ.எம். முகம்மது அபூபக்கர் வென்றதையும் கண்டோம்.

நம் குறை இரண்டு. ஒரே தொகுதி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒதுக்கீட்டிலேயே நிற்பதால், சுற்றியுள்ள பிற தொகுதிகளில் வாழும் தாழ்த்தப்பட்டோருக்கும் வாய்ப்பில்லை, இவ்வூரில் வாழும் பிறருக்கும் வாய்ப்பில்லை. தொகுதி வரையறையின்போது இதனைச் சுழற்சியாக்கினால் இரு சாராருக்கும் நலம். மற்றது இதனினும் கூர்மையானது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து சமயத்தவர் மட்டுமே தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுவர். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முஸ்லிமும் கிறித்தவரும் இன்றளவும் வெளியே. இதே தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் இஸ்லாத்தைத் தழுவிய தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல்நாள் வரை சங்கரன்கோவிலில் நிற்கும் தகுதி அவர்களுக்கு இருந்தது. மறுநாள் அது அற்றுப்போயிற்று. குடிசையும், கூலியும், அயலார் பார்வையும் மட்டும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. வாக்கு நிலைத்தது, நிற்கும் உரிமை நீங்கிற்று. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இவ்விதியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் இது பற்றி ஆராய மற்றுமோர் ஆணையம் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்டது.

நிற்பது ஒருபுறம் இருக்க, பட்டியலில் பெயர் இருப்பதே முதற்படி. முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, வடமாநிலப் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல நாணி, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் கூறினர். அவ்வாறு பெயரின்றிப் பதிவான சுமார் இருபத்தெட்டு லட்சம் பேரைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, நம் வீடுகளில் பழைய பட்டியலைத் தேடிய தேட்டத்தையும், ஓரிடத்தில் பாத்திமா பீவி என்றும் வேறிடத்தில் பாத்திமுத்து என்றும் எழுதப்பட்ட பெயர்களை ஒன்றாக்கப் பட்ட பாட்டையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சங்கரன்கோவில் வீட்டில் அன்று எங்கள் உரையாடலைச் சுவரில் சாய்ந்தபடி கேட்டிருந்தவர், எண்பத்தைந்தைத் தாண்டிய அவ்வீட்டு உம்மா. 1962-இல் அவர் முதன்முதலாக வாக்களித்தாராம். அவ்வாண்டுதான் தனித்தனிப் பெட்டிகள் போய், ஒரே தாளில் சின்னங்களை அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்திருந்தது. "இரட்டைக்காளை மாட்டுல குத்தணும்னு உங்க பாட்டனார் சொல்லி அனுப்பினாக. உள்ளே போனா பெட்டி ஒண்ணுதான் இருந்துச்சு. எதுல போடன்னு திகைச்சுப் போனேன்" என்றார். குத்தினீர்களா என்று மருமகள் கேட்டாள். "குத்தாமலா? ஆனா எதுல குத்தினேன்னு அவுகளுக்குக் கடைசி வரைக்கும் நான் சொல்லலை" என்றார் உம்மா.